கிதர் முகம்மது பாடிய ரிக்கார்டு

உடையப்பனுக்கு வயிறு எரிந்தது. சும்மா எரிச்சல் இல்லை, மூன்று வாரமாகச் சோறு இறங்காத எரிச்சல். எல்லாம் ஒரு ரிக்கார்டால் வந்தது.

பேகம்பூர் தோல் ஷாப்பில் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்த கிதர் முகம்மது, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, மெட்ராசுக்குப் போய்த் தானே பாடி, இசைத்தட்டில் பதித்துக்கொண்டு வந்துவிட்டான். சினிமாப் பாட்டா? இல்லை. சாமி பாட்டா? அதுவும் இல்லை. திண்டுக்கல்லைப் பற்றிய பாட்டு! இந்த ஊரில் என்னய்யா இருக்கிறது, பாட்டுக் கட்ட? ஒரு மொட்டைப் பாறை, நாலு பூட்டுப் பட்டறை, மண்டை பிளக்கிற வெயில். ஆனால் அந்தப் பாவி பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அதுதான் கொடுமை.

நியாயமாகப் பார்த்தால் ரிக்கார்டு கொடுத்திருக்க வேண்டியவன் உடையப்பன்தான். கோயில் திருவிழாவுக்கும் தர்கா கந்தூரிக்கும் இரண்டு பேரும் ஒன்றாக மேடையேறிப் பாடியவர்கள். உடையப்பனுக்குக் கனத்த சாரீரம். கிதருக்குக் கீச்சுக்குரல். ஊரே சொல்லும். இன்றைக்கு உடையப்பன் மைக் செட் வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் அடுத்தவன் பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறான். கீச்சுக்குரல்காரன் பெயர் தட்டில் அச்சாகி வந்திருக்கிறது. யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்தத் தட்டைக் கிதர் இவனிடமே கொண்டுவந்து நீட்டினான்.

"மாப்ளே, நாளைக்கு ரெட்டியார்சத்திரத்துல கல்யாணமாமே, அங்க இதைப் போடு. டவுன்ல போட்டா தெரிஞ்சவன்னு சும்மா தலையாட்டுவாக. அங்க என்னைய ஒருத்தருக்கும் தெரியாது. அவுக நல்லாருக்குன்னா இன்னும் எழுதுவேன். இல்லேன்னா பாட்டையே தலைமுழுகிற வேண்டியதுதான். மத்தியானம் பஸ்ஸுக்கு வாரேன்."

தலைமுழுகட்டும் என்றுதான் உடையப்பனும் நினைத்தான்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்தது. கிராமபோன் பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்தால் போதும், எப்பேர்ப்பட்ட பாட்டும் இழவு வீட்டு ஒப்பாரியாக இழுக்கும். உடையப்பன் நைசாகத் திருகிவிட்டு ஊசியை வைத்தான்.

"பூட்டுச் செய்யும் ஊருக்குள்ளே
பூட்டாத வீடு என் வீடு..."

இழுக்கத்தான் செய்தது. ஆனால் வேகம் குறைந்தால் கீச்சுக்குரல் கனத்துப்போகும், கனத்துப்போனால் யார் குரல் மாதிரி இருக்கும் என்று அந்த மடையன் யோசிக்கவே இல்லை. பந்தியில் பேச்சு அடங்கியது. பரிமாறியவர்கள் சாம்பார் வாளியோடு நின்றார்கள். பெண்ணைப் பெற்ற பெரியகருப்பன் எச்சிற்கையோடு ஓடி வந்தார்.

"ஏலே உடையப்பா, இது உன் குரல்தானே! ரிக்கார்டு குடுத்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"ஆமாண்ணே... நாந்தேன்."

அவன் நினைத்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்னதும் மூன்று வாரத்து எரிச்சல் அடங்கியதே, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! பெரியகருப்பன் புதுத் துண்டு ஒன்றை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். போடு, திரும்பப் போடு என்றார்கள். மூன்றாம் தடவை ஓடும்போது பந்தல் ஓரம் கிதர் வந்து நின்றான்.

பெரியகருப்பன் யாரோ விருந்தாளி என்று நினைத்து அவனையும் பிடித்துக்கொண்டார். "கேளுங்க தம்பி, நம்ம மைக் செட்டுக்காரன் கட்டுன பாட்டு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு."

கிதர் சுழல்கிற தட்டைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். கத்தட்டும், சட்டையைப் பிடிக்கட்டும், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உடையப்பன் தயாராகத்தான் இருந்தான்.

"பாட்டு நெசமாவே நல்லாருக்காண்ணே?" என்று மட்டும் கிதர் கேட்டான்.

"நல்லாருக்காவா? என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீக! இந்த மாதிரி நான் கேட்டதே இல்ல."

"அப்ப சரிண்ணே."

சாப்பிடக் கூப்பிட்டும் நிற்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

பெரியகருப்பன் மைக்கை எடுத்து உடையப்பன் கையில் திணித்தார். "தட்டு போதும்டா. நேர்ல பாடு. இம்புட்டு நல்லாக் கட்டுறவன், நம்ம ரெட்டியார்சத்திரத்து மேல ஒண்ணு எடுத்து விடேன், பாப்போம்!"

சனம் கைதட்டியது. உடையப்பன் வாயைத் திறந்தான். தொண்டை இருந்தது, பாட்டு இல்லை. இந்த முப்பத்தைந்து வயசுவரை அவன் ஒரு வரி எழுதினவன் இல்லை. இந்த ஊரைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒரு சொல்கூட இல்லை. பாட்டு என்றால் குரல்தான் என்று இவ்வளவு நாளாக நினைத்திருந்தானே, அட முட்டாளே!

ரோட்டில் திண்டுக்கல் பஸ் வந்து நின்றது.

"கிதரு!" உடையப்பன் குரலில் மைக் செட் குழாய் அலறியது. "ஏலே கிதரு, போகாதடா! அண்ணே, இது எம் பாட்டு இல்ல. குரலும் என்னுது இல்ல, நாந்தேன் வேகத்தைக் குறைச்சுப் போட்டேன். அந்தா பஸ் ஏறுறான் பாருங்க, அவன் பாட்டு! மாப்ளே!"

கல்யாண வீடு மொத்தமும் எழுந்து ரோட்டைப் பார்த்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கிதர் முகம்மது திரும்பவில்லை. படியேறி, கல்யாண வீடு தெரியாத அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தான்.