இருபது மில்லிவினாடி

கஜந்தியின் இடது காலோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டினேன். என் வேலை அப்படி. பனிச்சறுக்குத் தாண்டல்காரர் சரிவில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றரில் வந்து விளிம்பில் எழும்புவார்கள். அந்தக் கணத்தில் எந்தக் கால் எப்போது, எவ்வளவு உதைக்கிறது என்று பாதைக்கு அடியிலுள்ள விசைத் தட்டுகளை வைத்து அளப்பேன். கோடையில் பனிக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பு. கால் அதே கால்தான்.

அவளுக்கு வலது கால் முந்தும், இடது இருபது மில்லிவினாடி பிந்தும். கண் இமைக்கக்கூடப் போதாத நேரம். ஆனால் காற்றில் உடம்பு திரும்பி, ஒரு சறுக்குப் பலகை சரிந்து, தாண்டும் தூரத்தில் ஐந்து மீற்றர் குறைந்துவிடும். செப்டெம்பர் தேர்வில் அணிக்கு எடுப்பது நாலே பேரைத்தான்.

"இடது கால் பலவீனம்" என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளர் யூலியா அதை நம்பி, அவளை ஒற்றைக் காலில் ஆயிரக்கணக்கில் குந்தி எழும்ப வைத்தாள். சப்பாத்தையும் மாற்றிப் பார்த்தோம். திரையில் இடது காலின் கோடு நாய் வால் மாதிரி நிமிர மாட்டேன் என்றது.

தேர்வுக்கு முதல்நாள் பின்னேரம், எரிச்சலில், சரிவின் உச்சியிலுள்ள கமராவின் பதிவை முதல்தடவையாகச் சத்தத்தோடு போட்டேன். வோக்கி-டோக்கியில், புறப்படச் சொல்லும் என் குரல்: "வலது காலை வைச்சுப் போ." உடனே கஜந்தி பாரத்தை வலது காலுக்கு மாற்றினாள். அப்படியே குந்திக் கீழே வந்தாள். அடுத்த பதிவிலும் அதேதான்.

பரீட்சைக்கோ புதுவீட்டுக்கோ வெளிக்கிடுகிறவருக்கு எங்கள் சனம் சொல்லும் வார்த்தை அது. வாய் தன்பாட்டில் எல்லாருக்கும் அதைச் சொல்லியிருக்கிறது. அங்கே தமிழ் விளங்குகிறவள் அவள் ஒருத்திதான், மற்ற எல்லாரும் நேராகத் தாண்டினார்கள்.

"ஏன் பாரத்தை மாத்தினனீ?" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்கள்தானே அண்ணை ஒவ்வொருமுறையும் சொல்லுறியள்." ஜேர்மனியில், பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்தவள். "அது டெக்னிக் எண்டு நினைச்சன்."

முனைவர் பட்டம் வாங்கிய தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது. யூலியாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் வோக்கி-டோக்கியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

தேர்வில் கஜந்தி இரண்டு காலிலும் சமமாகக் குந்தி வந்தாள். விளிம்பில் எழும்பியதும் திரையைப் பார்த்தேன். இப்போது இடது கோடு முந்தி ஏறியது, பதினெட்டு மில்லிவினாடி. ஒரு குறையுமில்லாத காலுக்கு ஐந்து மாதம் தனியாகப் பயிற்சி கொடுத்தால் வேறென்ன நடக்கும்? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு முந்தின நாள்கூட ஓடவில்லை.

ஐந்தாவதாக வந்தாள்.

தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள். "இப்ப எந்தக் கால் அண்ணை பிழை?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொல்வதை இன்னும் நம்பித்தான் கேட்டாள்.

"கால் ரெண்டும் சரி கஜந்தி. பிழை நான்தான்."

அவள் அடுத்த தேர்வுக்கு எந்தக் காலுக்குப் பயிற்சி செய்வது என்று கேட்க, என்னைக் கடந்து யூலியாவிடம் போனாள்.