ஒரே சுதியில் இரண்டு வயர்கள்

பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸைக் குறுகலான திருப்பத்தில்கூட ஒரு கீறல் விழாமல் திருப்பிவிடும் டிரைவரம்மா, திங்கட்கிழமை காலையில் தன் சைக்கிளோடு சொந்த அக்காவின் பூக்கடைக்குள் புகுந்தார். கதவு வழியாக இல்லை. வாசலில் அடுக்கி வைத்திருந்த ரோஜாத் தொட்டிகள் வழியாக.

"மூணாவது தடவை," என்றார் அக்கா, தங்கையின் தலையிலிருந்து ஒரு இலையை எடுத்தபடி. "வாக்கு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இரண்டாவது தடவை விழுந்தபோது, வலியிலும் கோபத்திலும் டிரைவரம்மாவே சொன்னதுதான்: "இன்னொரு தடவை விழுந்தா இந்தச் சைக்கிளை நீயே வெச்சுக்கோ!" அக்கா அன்றைக்கே இரண்டு பிரம்புக் கூடைகள் வாங்கிவிட்டார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நிறையச் செடிகள். கடை வாசலில் நிறுத்தினால் அவ்வளவு லட்சணமாக இருக்கும்.

குற்றம் டிரைவரம்மாவுடையதும் இல்லை, சைக்கிளுடையதும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ரேஸ் சைக்கிள் அது. கியர் மாற்றும் இரண்டு குட்டி லீவர்களும் ஹேண்டில்பாரில் இல்லாமல், கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் சாய்வுக் கம்பியில் இருந்தன. கியர் மாற்ற வேண்டுமென்றால் வலது கையை விட்டுக் குனிய வேண்டும். அந்த நேரம் உடம்பின் பாரமெல்லாம் இடது கைக்குப் போகும். இடது மணிக்கட்டோ போன மழைக்காலத்தில் டெப்போ படியில் வழுக்கி உடைந்து, கூடி, இன்னும் பழைய பலத்துக்கு வராதது. குனிந்தால் ஹேண்டில் ஆடும். ஆடினால் ரோஜாத் தொட்டி.

ஆனாலும் விடிகாலையில் ஆளில்லாத தெருவில், யாரும் மணி அடித்து நிறுத்தச் சொல்லாத ஒரே வண்டி அவருக்கு அதுதான்.

"அக்கா, ஒரு வாரம் டைம் குடு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும். என் கண் முன்னாடி, கடையைத் தாண்டி ஓட்டணும். கையை எடுக்காம கியரை ஏத்தணும், இறக்கணும். இல்லேன்னா கூடையைக் கட்டிருவேன்."

"எனக்கு லைசன்ஸ் குடுத்த ஆபீசர்கூட இவ்வளவு கேக்கல."

"அவர் தொட்டியை நீ உடைக்கல."

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கணவர் உற்சாகமாக எழுந்தார். பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பது அவர் தொழில். பெயரை மறந்துபோய்த் தெருவே அவரைச் சுதிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது.

"பிரேக்கும் கியரும் ஒரே லீவர்ல வருது. ஹேண்டில்லயே இருக்கும். நானே மாட்டித் தரேன்."

"ஏங்க, போன வருஷம் குழாயை நீங்களே சரி பண்ணீங்க. கீழ் வீட்டுக்காரர் குடை பிடிச்சுக்கிட்டு சாப்பிட்டார்."

"அது தண்ணி. இது வயர். வயர்ல எனக்கு இருபது வருஷ சர்வீஸ்!"

சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு மாதத்துக்கு வேலை நிறைந்திருந்தது. பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு ஜோடி லீவரை மட்டும் தேடி எடுத்துக் கொடுத்தார். "பின்னால ஏழு பல்சக்கரம், லீவர்லயும் ஏழு கியர். சரியாப் போச்சு. வயரைக் கையால இழுத்துப் பிடிச்சு முடுக்குங்க, குறடு வேண்டாம். செயின் என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டே செய்யுங்க, போதும்."

'கேட்டுக்கிட்டே' என்ற ஒரு சொல்தான் சுதிக்காரருக்குப் பிடித்துப்போனது.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜை சுவரோரம் போனது. நடுவில் சைக்கிள், தரையெல்லாம் பழைய துணி. குறை சொல்லக் கூடாது, வேலை சுத்தம். ஹேண்டில்பாரின் பழைய டேப்பை உரித்து, புது லீவர்களை ஒரே உயரத்தில் பொருத்தி, பிரேக்கை இழுத்துப் பார்த்து, புது டேப்பைச் சுருக்கமில்லாமல் சுற்றினார். சாய்வுக் கம்பியில் பழைய லீவர்கள் இருந்த இடத்தில் வயரைத் தாங்கும் இரண்டு சின்னத் திருகுகள் உட்கார்ந்தன. முன் பல்சக்கரத்துக்குப் போகிற வயர், பின்னால் போகிற வயர் இரண்டும் கம்பியின் இரு பக்கமும் நேர்கோடாக ஓடின.

அங்கேதான் வினை. இரண்டு கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் சுதிக்காரர் விரல் சும்மா இருக்குமா? முன் வயரைச் சுண்டினார். கணீர். பின் வயரைச் சுண்டினார். தொளதொள.

அவருக்கு முகம் கோணியது. திருகைத் திருகினார். போதவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குறட்டை எடுத்தார். பின் வயரை இழுத்து முடுக்கி, சுண்டி, இன்னும் இழுத்து முடுக்கி, கடைசியில் இரண்டும் ஒரே குரலில் பாடியபோது கண்ணை மூடித் திருப்தியாகத் தலையாட்டினார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினார். ஒவ்வொரு க்ளிக்குக்கும் செயின் பெரிய பல்சக்கரத்தை நோக்கி ஏறியது. ஏறுவதைப் பார்த்தார், கைதட்டினார், போய்ப் படுத்துவிட்டார். இறங்குகிறதா என்று பார்க்கவில்லை.

ஞாயிறு காலை அக்கா கடை வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு பக்கமும் கூடைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஜாத் தொட்டிகளை மட்டும் உள்ளே எடுத்து வைத்திருந்தார்.

"நம்பிக்கை இல்லையா அண்ணி?" என்றார் சுதிக்காரர்.

"உங்க மேல நிறைய இருக்கு தம்பி. தொட்டி மேலதான் இல்ல."

சிக்னல் பக்கத்திலிருந்து டிரைவரம்மா ஏறி வந்தார். மேடு வந்ததும் இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க, விரல் மட்டும் அசைந்தது. க்ளிக், க்ளிக். சைக்கிள் ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லாமல் ஏறியது. அக்காவின் புருவம் உயர்ந்தது. சுதிக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மேடு முடிந்து சமதரை வந்தது. மறுபடி க்ளிக், க்ளிக். செயின் ஒரு படி இறங்கியது, கரகரவென்று முனகியது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. கால்கள் மிக்ஸி மாதிரி சுற்ற, சைக்கிள் மட்டும் கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் கடையைக் கடந்தது. ஒரு நாய் ஓடாமல் நடந்தே முந்திப் போனது.

அக்கா கூடையைக் கையில் எடுத்தார்.

"அண்ணி, பத்து நிமிஷம்!"

"ஏறுது, இறங்க மாட்டேங்குது. செடிக்கு இதுவே தாராளம்."

டிரைவரம்மா மூச்சு வாங்க இறங்கினார். கூடையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. இடது மணிக்கட்டை மெல்லத் தேய்த்துக்கொண்டே, "இப்ப கை நோகல," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. "கொஞ்சம்கூட நோகல." பிறகு குனிந்து முன் வயரைச் சுண்டினார். பின் வயரைச் சுண்டினார். மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

"ஏங்க."

"ம்?"

"ரெண்டும் ஏன் ஒரே மாதிரி சத்தம் போடுது?"

சுதிக்காரர் தெருவை, வானத்தை, நாயைப் பார்த்தார்.

"சுதி சேத்தீங்களா?"

"சேராம இருந்துது. பாவமா இருந்துது."

அக்கா நாற்காலியிலேயே சரிந்து சிரித்தார். "தம்பி! அது செயினை இழுக்கற வயர், கச்சேரி பண்ற வயர் இல்ல!"

"இழுத்து வெச்ச கை உங்களுதுதானே?" என்றார் டிரைவரம்மா. "நீங்களே தளர்த்துங்க. நான் பெடலைச் சுத்தறேன்."

பையிலிருந்து அல்லன் கீயை எடுத்துக்கொண்டு சுதிக்காரர் பின்சக்கரத்துப் பக்கம் மண்டியிட்டார். போல்ட்டைத் தளர்த்தியதும் செயின் 'டக் டக்' என்று கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கியது. வயரைக் கையால் மட்டும் இழுத்துப் பிடித்து முடுக்கினார். டிரைவரம்மா வேண்டுமென்றே வயரைச் சுண்டிக் காட்டினார். தொளதொள.

"அபஸ்வரம்," என்று முனகினார் அவர்.

"இருக்கட்டும். இன்னும் அரைச் சுத்து இறக்குங்க, கரகரன்னுது."

"அரையா? மனசாட்சியே இல்லையா உனக்கு?"

"இறக்குங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு திருகை அரைச் சுற்று இறக்கினார். முனகல் நின்றது. செயின் சத்தமே இல்லாமல் ஓடியது. சத்தமே இல்லாததையும் அவர் காது கொடுத்துக் கேட்டார். இது பரவாயில்லை என்று முகம் சொன்னது.

டிரைவரம்மா மறுபடி சிக்னலுக்குப் போய்த் திரும்பினார். மேட்டில் ஏற்றினார், சமதரையில் இறக்கினார். ஏழு கியரும் எண்ணி எண்ணி. கடையைத் தாண்டும்போது கையை எடுத்து ஆட்டிக் காட்டலாமா என்று ஒரு ஆசை வந்தது; அக்காவின் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பறந்தார். நாய் இந்த முறை ஓடித்தான் பார்த்தது. பயனில்லை.

அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"பாஸ். ஆனா வாங்கின கூடையை என்ன பண்றது?"

சுதிக்காரர் சட்டைப் பையிலிருந்து, கழற்றிய பழைய லீவர்கள் இரண்டையும் எடுத்தார். "இதைக் கதவு நிலைல திருகித் தரேன் அண்ணி, கூடையை மாட்டிக்கலாம். ரெண்டும் ஒரே உயரத்துல—"

"லீவரை மட்டும் இங்க குடுங்க தம்பி," என்று கை நீட்டினார் அக்கா. "நான் மாட்டிக்கறேன்."