அழியாமல் காத்த கோடு

இந்தக் காலத்தில் நாள் சொல்கிறவனுக்கு நாக்குக் கூசுவதே இல்லை. வியாழன் வருகிறேன் என்பான். எந்த வியாழன் என்று கேட்டால் போனை வைத்துவிடுவான். நான் தச்சன், நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சொன்ன நாளில் சொன்ன வீட்டில் கதவை மாட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போயிருக்கிறேன்.

என் வீட்டுக்காரிக்குக் கன்னத்துக்குள் புற்று. அது இறங்கிக் கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை இருக்கிறது, குடை மாதிரி விளக்கு இருக்கிறது. புற்றை வெட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை. மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து ஒருவர் வருவார். வந்தார். காதடியிலிருந்து முகவாய் வரை ஊதா மையில் கோடு போட்டார். நாளைக் காலையில் வெட்டிவிடலாம் என்றார். அன்று சாயங்காலமே வேறெங்கோ அவசரம் என்று கார் ஏறிவிட்டார்.

“அடுத்த வாரம் வந்துடுவாரு. கோடு அழியாம பாத்துக்கோங்க” என்றாள் நர்ஸ்.

பார்த்துக்கொண்டோம், ஆறு வாரம். கழுத்தில் தண்ணீர் படாமல் அவள் குளித்தாள். மங்கிய இடத்தில் நான் அதே ஊதாப் பேனா வாங்கிவந்து மேலே இழுத்தேன். கோட்டின் மேல் கோடு போட்டால் மயிரிழை நகரும், அது தெரியாத தச்சனா நான்? மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன்.

“மரத்துக்குக்கூட இவ்வளவு பாத்துப் போட்டிருக்க மாட்டீங்க.”

“மரம் பேசாது. வாயை மூடு, கை ஆடுது.”

ஏழாவது வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டை நீட்டினார்கள். நகரத்துக்குப் போய்ப் பெயர் பதியவேண்டுமாம். அங்கே நாலு மாதம் காத்திருக்க வேண்டுமாம். கட்டி அதற்குள் எலுமிச்சை அளவு ஆகியிருந்தது. சீட்டை வாங்காமல் ஆபரேஷன் அறை வாசல் பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். காவலாளி எழுந்திருக்கச் சொன்னான்.

“இந்தப் பெஞ்சை செஞ்சதே நான்தான். கால் ஆடுதா, சொல்லு. ஆடுனா எந்திரிக்கிறோம்.”

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்தார். குடல்வால், குடலிறக்கம் வெட்டுகிறவர். குனிந்து கழுத்தைப் பார்த்தார்.

“யாரு போட்டது இது?”

“போட்டது அவரு. காப்பாத்துனது நான்.”

சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரே இழுப்பாகத் துடைத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“ஐயா, இது ஒரு ராத்திரிக்குப் போட்ட கோடு. நீங்க மேல மேல போட்டதுல ரெண்டு விரக்கடை கீழ இறங்கிடுச்சு. வெட்டுறவங்க அன்னிக்குப் புதுசாப் போட்டுக்குவாங்க.”

எங்கள் ஆறு வாரமும் அந்தப் பஞ்சில் ஊதாவாக ஒட்டியிருந்தது.

“அப்ப நீயே போடும்மா. இன்னிக்கே வெட்டு.”

“கழுத்துல பெரிய ரத்தக்குழாய் ஓடுது. எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிஞ்ச மாதிரி கை வெச்சா இவங்க எந்திரிக்க மாட்டாங்க.”

தெரியாது என்று சொன்ன முதல் ஆள். அந்த அளவுக்கு மரியாதை வைத்தேன்.

“வியாழன் கோடு போட்டவரையே கூட்டிட்டு வர்றேன்.”

“எந்த வியாழன்?”

“வர்ற வியாழன்.”

அப்போதுதான் என் வீட்டுக்காரி எழுந்தாள்.

“அதுவரைக்கும் எனக்கு ஒரு கட்டில் குடுங்க. நான் வீட்ல இருந்தா சீட்டு எழுதுவீங்க. கட்டில்ல இருந்தா ஆளைத் தேடுவீங்க.”

“ஆபரேஷன் தேதி இல்லாம சேர்க்கக்கூடாதும்மா.”

“இப்ப நீங்கதானே தேதி சொன்னீங்க?”

டாக்டரம்மா சேர்க்கைத் தாளை எடுத்தார். அதில் அவள் பெயரை எழுதினார். எங்கள் முன்னாலேயே போன் போட்டார்.

“சேர்த்துட்டேன் சார். கட்டில்ல இருக்காங்க. வியாழன் நீங்க வரலைன்னா உங்க வீட்டு வாசல்ல நான் இருப்பேன்.”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “வர்றேங்கறாரு” என்றார்.

அவள் கட்டிலில் சாய்ந்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு கழுத்து வெறுமையாக இருந்தது.

“மாத்துத் துணியும் போர்வையும் கொண்டாங்க. அப்படியே அந்தப் பேனாவைத் தூக்கிப் போடுங்க.”

தலையாட்டிவிட்டு வெளியே நடந்தேன். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. போடவில்லை. வியாழன் வந்து, பேனாவை மறந்துவிட்டேன் என்று அவர் திரும்பிப் போகக்கூடாது பாருங்கள்.