பத்து நாளைக்கான துணிகள்

1

“பத்து நாளைக்கு எத்தனை துணி வேணும், சொல்லு பாப்போம்?”

அம்மா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டாள். இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. கனவில் வந்தது, மழையில் நனைந்தபோது வந்தது என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் மழை அபூர்வம். எனக்குக் கனவும் அபூர்வம்.

எங்களுடையது சலவைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதிலிருந்து தேய்ப்பு மேசைக்கு அருகில்தான் என் பகல் முழுவதும். ஏன் நின்றேன் என்பது வேறு கதை.

(வேறு கதை என்று சொல்லிவிட்டு அதைச் சொல்லாமலே போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆகவே இங்கேயே முடித்துவிடுகிறேன். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும். தொண்டைவரை வரும். அதற்கு மேல் வராது. ஒரு நாள் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் போகவில்லை.)

அம்மா என்னிடம் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் முந்தின நாள் கடைக்குத் துணி கொண்டுவருவார்கள். அதை மடிக்கும்போதே எங்கே போகிறார்கள், எத்தனை நாள் தங்குவார்கள், கல்யாணமா, ஆஸ்பத்திரியா என்று எனக்குத் தெரிந்துவிடும். சரியாக இருக்கும். இந்தத் திறமை என்னிடம் இருப்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

2

முதல் தொடக்கம்: “வானம் இருண்டு கிடந்த அந்த மாலைப்பொழுதில்” வேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: “ஒரு பெண் பெட்டி கட்டுகிறாள்.” இது பரவாயில்லை. ஆனால் ‘ஒரு பெண்’ என்று எழுதியதும் அவள் யாரோ ஆகிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காகவே அதை அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது.

இது உண்மை. சித்தி, அம்மாவின் தங்கை, குளிரும் மழையுமான ஓர் ஊரில் இருக்கிறாள். அங்கே நாளெல்லாம் தூறுமாம். கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாதாம். இதைக் கேட்டு அப்பா, அப்படிப்பட்ட ஊரில் மனுஷன் எப்படிச் சலவைக்கடை நடத்துவான் என்றார். அம்மாவின் பயணத்தைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

பிள்ளை பெற்றவளுக்கு உதவி செய்யப் போய்ப் பத்து நாளில் திரும்புவதாக ஏற்பாடு. நான் கணக்குப் போட்டேன். எங்கள் ஊர் வெயிலுக்கு ஐந்து உருப்படி போதும். காயாத ஊருக்குப் பன்னிரண்டு. “பன்னெண்டு” என்றேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, தானும் அதையேதான் நினைத்ததாகச் சொன்னாள்.

3

இங்கே சிரிப்பு ஒன்று வரவேண்டும். கதை முழுக்க மூக்கைச் சிந்தினால் நீங்கள் நோட்டை மூடிவிடுவீர்கள்.

பக்கத்துக் கடை டைலர் அக்கா தன்னிடமிருந்த மழைக்கோட்டை அம்மாவுக்குக் கொடுத்தாள். யாரோ வெளியூரிலிருந்து கொண்டுவந்து தந்ததாம். இந்த ஊரில் அதைப் போட்டுக்கொண்டு போனால் நாய் துரத்தும் என்று பிரிக்காமலே வைத்திருந்தாளாம். மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அப்பா அதைப் பார்த்தார். மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தது. எடுத்து விரித்து இஸ்திரியை வைத்துவிட்டார்.

புகை வந்தது. கோட்டின் முதுகுப்பக்கம் உருகி இஸ்திரியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாற்றத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

“ஏண்ணே, மழைக்கோட்டை யாராச்சும் தேய்ப்பாங்களா?” என்றாள் டைலர் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

“கசங்கி இருந்துச்சு” என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். “இவரு எதைக் குடுத்தாலும் தேய்ப்பாரு அக்கா. என்னைக் குடுத்தா என்னையும் தேய்ச்சு, மடிச்சு, அலமாரியில வெச்சிருவாரு.”

டைலர் அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா கத்தி முனையால் இஸ்திரியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

(இந்தப் பகுதியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். சிரிப்பு வரவில்லை. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

4

அப்பாவை எப்படி எழுதுவது என்பதில்தான் இந்தக் கதை பலமுறை நின்றுபோனது.

அவரைக் குடிகாரராக எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் நன்றாக ஓடியது. அவர் தள்ளாடினார், பாத்திரத்தை எறிந்தார், அம்மா மூலையில் அழுதாள். படிப்பவர் உடனே அம்மா பக்கம் வந்துவிடுவார். அவள் போனது நியாயம் என்பார். கதைக்கும் முதுகெலும்பு கிடைத்துவிடும். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அவர் குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொன்னதில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். அம்மா ஏதாவது பேசினால், கையிலிருக்கும் துணி முடியும்வரை பதில் சொல்லமாட்டார். அது முடிந்ததும் அடுத்த துணியை எடுப்பார். பதினெட்டு வருஷம். துணி முடியவே இல்லை.

நானும் பேசாதவள். அந்த வீட்டில் அம்மா ஒருத்தி பேசினாள். நாங்கள் இரண்டு பேர் தேய்த்தோம்.

இந்த வாக்கியத்தை எழுதும்வரை எனக்கு இது தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

5

இனி சலவைக் குறியைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் கதை நகராது.

கடைக்கு வரும் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. காலருக்கு உள்ளேயோ ஓரத்திலோ அழியாத மையில் சின்னதாகப் போடுவோம். தபால்காரர் வீட்டுக்கு ஒரு கோடும் இரண்டு கீறலும். டைலர் அக்காவுக்கு ஒரு பெருக்கல். எங்கள் துணியும் மற்றவர்கள் துணியோடுதான் வேகும், காயும். ஆகவே எங்களுக்கும் குறி உண்டு. குறி இல்லாவிட்டால் அப்பாவின் சட்டை வேறு யார் வீட்டு அலமாரியிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் குறி ஒரு வட்டம், அதற்குள் மூன்று புள்ளி. நான் பிறப்பதற்கு முன்னால் இரண்டு புள்ளி. மூன்றாவதைப் போட்டது அம்மா.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மாவின் துணிகளை மேசைக்கு எடுத்துக்கொண்டேன். முதல் புடவையின் ஓரத்தில் குறி இல்லை. குறி இருந்த இடத்தில் வெளிறிய மஞ்சளாக ஒரு வட்டம். கறை எடுக்கிற மருந்தை வைத்து அழித்தால் அப்படித்தான் ஆகும். இரண்டாவது புடவையிலும் இல்லை. ரவிக்கையில் இல்லை. உள்பாவாடையில் இல்லை. பதினொரு உருப்படியிலும் இல்லை.

பத்து நாளில் இந்தக் கடைக்கே திரும்பி வரப்போகிற துணியில் யாரும் குறியை அழிக்கமாட்டார்கள்.

நான் அத்தனையையும் தேய்த்தேன்.

நோட்டில் நான் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். “அம்மா, நீ திரும்பி வரமாட்டியா?” என்று கேட்கிறேன். “என்னையும் கூட்டிட்டுப் போ” என்கிறேன். அழகான கையெழுத்தில் அரைப்பக்கம் பேசுகிறேன். அன்று மத்தியானம் அவள் துணிகளை எடுக்க வந்தபோது என் வாயிலிருந்து உண்மையில் வந்தது இது:

“சூடு ஆறட்டும்மா. இப்பவே பெட்டியில வெக்காத.”

6

பன்னிரண்டாவது உருப்படி ஒரு ஸ்வெட்டர். அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. இந்த வெயிலில் யார் அதைப் போடுவார்கள்? டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. கம்பளியில் மை நிற்காது என்பதால் அதற்கு மட்டும் கழுத்துக்கு உள்ளே சின்ன வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைத் தைத்து, அதில் குறி போட்டிருந்தார்கள். வட்டம், இரண்டு புள்ளி.

அது அப்படியே இருந்தது.

தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல், அவசர அவசரமாகச் செய்த வேலை. ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கும். போகிறவள் முழுசாகப் போகட்டும். என்னால் வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியவில்லை, இதையாவது செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. மறுநாள் காலை பிளேடை எடுத்து நாலு பக்கத் தையலையும் பிரித்தேன். துண்டு கையோடு வந்துவிட்டது.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பதினோராம் நாள் அம்மா திரும்பி வருகிறாள். இதை அந்தப் பதினோராம் நாளே எழுதினேன். இப்போது ஏழு மாதம் ஆகிறது. பேருந்து நேரத்தை மட்டும் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன்.

முடிவு ஆ: நானும் அவளோடு போகிறேன். பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு. தூறல் ஆரம்பிக்கிறது. அந்த ஊர்த் தெருவில் கால் வைத்ததும் எழுத்து நின்றுவிடுகிறது. நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

முடிவு இ: அப்பா இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “போகாத” என்கிறார். அந்தச் சொல்லை அவர் எப்படிச் சொல்வார், எந்தக் குரலில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முதலில் இதைத்தான் எழுதியிருப்பேன்.)

7

நடந்தது இதுதான்.

அப்பா வண்டி பிடித்து வரத் தெருமுனைக்குப் போயிருந்தார். அம்மாவின் பெட்டி திறந்து கிடந்தது. ஸ்வெட்டர் மட்டும் வைக்கப்படாமல் என்னிடம் இருந்தது. திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்தாள். என் இடது கையில் ஸ்வெட்டர். வலது உள்ளங்கையில் அந்த வெள்ளைத் துண்டு, குறி மேலே பார்க்க.

அவள் முகத்தை எழுத எட்டு முறை முயன்றேன். அதிர்ச்சி என்று எழுதினால் பொய். கோபம் என்று எழுதினாலும் பொய். வகுப்பில் எழுந்து நிற்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. வார்த்தை வந்துவிட்டது, வாய்வரை வரவில்லை.

பதினொரு துணியில் ஒரு புள்ளி மிச்சமில்லாமல் அழித்தவள், கழுத்திலேயே தைத்திருந்த துண்டை எப்படிப் பார்க்காமல் விட்டிருப்பாள்? இந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது. அதற்குள் தையல் பிரிந்துவிட்டிருந்தது.

அம்மா கையை நீட்டினாள்.

நான் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். வலது கையை மூடிக்கொண்டேன்.

அவள் எதைக் கேட்டாள்? உங்களிடம்தான் கேட்கிறேன். நீட்டிய கை என் இடது கைக்கும் வலது கைக்கும் சரியாக நடுவில் இருந்தது. ஸ்வெட்டர் என்று வைத்துக்கொண்டால் நான் அவளுக்கு உதவியவள். துண்டு என்று வைத்துக்கொண்டால், இந்த வீட்டிலிருந்து அவள் எடுத்துப்போக விரும்பிய ஒன்றே ஒன்றையும் நான்தான் பிரித்தேன். அந்த ஒன்றிலும் நான் இல்லை; இரண்டு புள்ளிதான். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தைக் கிழிப்பது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஸ்வெட்டரின் கழுத்தை உள்பக்கமாகத் திருப்பினாள். அறுந்த நூல்கள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலால் அந்த இடத்தை ஒருமுறை தடவினாள். மடித்தாள். நாங்கள் கடையில் மடிப்பதைப் போல இல்லை, சும்மா இரண்டாக. பெட்டியில் மேலாக வைத்து மூடினாள்.

வெளியே வண்டியின் சத்தம் கேட்டது.

பெட்டியைத் தூக்கினாள், திரைச்சீலையை விலக்கினாள், படி இறங்கினாள்.