குச்சிக்கு எழுதிய ‘ஐயா’

கிடங்கை இழுத்து மூடியபோது மேற்பார்வையாளருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. எல்லாவற்றின் தலையிலும் ‘மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்’ என்றே எழுதியிருந்தார்.

“ஏங்க, ஆணா பொண்ணான்னே தெரியாம எழுதினா யாரு படிப்பா? போன் பண்ணி மேனேஜர் பேரைக் கேட்டு எழுதுங்க” என்றாள் மனைவி.

அடுத்து விண்ணப்பிக்க இருந்தது, மருந்துப் பெட்டிகளைச் சேமித்து அனுப்புகிற ஒரு கம்பெனிக்கு. போனை எடுத்த பெண் கிடங்கு மேலாளரின் பெயரைச் சொன்னாள். இவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இனிஷியலும் அதேதான். குச்சி!

குச்சி இவரிடம் பெட்டி ஏற்றி இறக்க வந்தவன். காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருந்ததால் அந்தப் பெயரை வைத்ததே இவர்தான். “டேய் குச்சி, தலைகீழா அடுக்காதடா!” என்று நாள் முழுக்கக் கத்தியிருக்கிறார். அப்புறம் அவன் மாலைக் கல்லூரியில் படித்து, வேறு வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது அவனுக்கு எப்படி எழுதுவது? ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதி அடித்தார். பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டுப் பார்த்தார். அது ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றது.

“பேசாம, ‘டேய் குச்சி, வேலை குடுடா’ன்னு எழுதிடுங்க. ஒரே வரியில முடிஞ்சது” என்றாள் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். சிரித்து வெகுநாளாகியிருந்ததாலோ என்னவோ, சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. கடைசியில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதி அனுப்பினார்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் குச்சி தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் எச்.ஆர். பெண், இவர் மகள் வயதிருப்பாள். காகிதத்தைப் புரட்டியவள் நிமிர்ந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல வேலை பாத்திருக்கீங்க போல. முன்னாடியே பழக்கமா?”

குச்சி தலையைத் தூக்கவில்லை. “அது பெரிய கிடங்கு மேடம். இவரை எனக்கு ஞாபகம் இல்ல.”

அவள் இவரைப் பார்த்தாள்.

“எனக்கும் சாரைப் பாத்த ஞாபகம் இல்லைங்க” என்றார். ‘சார்’ என்ற வார்த்தை தொண்டையில் சிக்காமல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்குக் குச்சி மூச்சிரைக்க ஓடிவந்தான். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சவங்கன்னு சொன்னா உடனே கழிச்சுக் கட்டிடுவாங்க.”

“எனக்குப் புரியாதா? நீ உள்ள போ.”

“லெட்டர்ல எதுக்குண்ணே ஐயா கொய்யான்னுக்கிட்டு? ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“வேற எப்படிப்பா எழுதுறது?”

குச்சி அவர் கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு உள்ளே போனான்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி, “அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். வேற ஏதாவது சின்ன வேலைன்னாலும் பரவாயில்ல” என்றாள்.

வேண்டாவெறுப்பாக நம்பரை அழுத்தினார். ரொம்ப நேரம் அடித்த பிறகு குரல் வந்தது. “சொல்லுங்க, மீட்டிங்ல இருக்கேன்.” ‘அண்ணே’ என்ற சொல் இல்லை. இவர் வாயெடுப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“சரி தம்பி... பரவால்லப்பா... ஆமா, உடம்பப் பாத்துக்க” என்று பேசிவிட்டு மெல்லக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னாரு?”

“பாக்கலாம்னான்.”

துண்டித்த ஓசை அவளுக்கும் கேட்டிருக்கும். அறை அவ்வளவு சின்னது. அவள் இன்னொரு சட்டையை எடுத்து உதறி, “நல்ல பிள்ளை” என்றாள்.