கொலை இல்லாத நாவல்

திருத்தணித் தறிக்கூடத்தில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு துப்பறியும் நாவலை உரக்க வாசிப்பவன் தங்கவேல். கடைசி அத்தியாயத்தை நூலால் தைத்து வைத்திருப்பார்கள். கொலைகாரன் யாரென்று அவன் சொன்ன பிறகே தையலைப் பிரிப்பார்கள். ஒரு தடவை தப்பாகச் சொன்னாலும் வாசிக்கிற பெஞ்சை விட்டுவிட வேண்டும். இதுவரை அவன் தப்பாகச் சொன்னதில்லை. கூடத்தில் அவனுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தப் பெஞ்சினால் வந்ததுதான்.

பெஞ்சின்மேல் அவன் மனைவியின் தம்பி ஜெகநாதனுக்கு ஒரு கண். இந்த முறை பட்டணத்திலிருந்து வேறு தினுசு நாவலாகப் பார்த்து வாங்கி, கடைசியைத் தானே தைத்துக் கொடுத்தான். யுத்த காலத்து மட்டக் காகிதம்.

ஆரம்பமெல்லாம் மழை. ஒருத்தி வாசலில் நிற்கிறாள். வெளியூர் போன புருஷன் வரவில்லை. பால்காரன் வந்து போகிறான். அடுப்பு மூட்டுகிறாள். மறுபடி மழை.

"மழை பாக்கணும்னா மலைமேல ஏறி நின்னா பத்தாதா? இதுக்கு அச்சுக்கூலி வேற!"

பக்கத்துக்குப் பக்கம் வைதுகொண்டே வாசித்தான் தங்கவேல். பிணத்தை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான், எழுதத் தெரியாத பயல் என்று ஒரு வரி விடாமல் துழாவினான். தையல் வந்தது.

"சொல்லு பாவா, யாரு?" என்றான் ஜெகநாதன்.

"பால்காரன். அவ்வளவு மழையில அவன் ஒருத்தன்தான் நனையல."

ஜெகநாதன் நூலை அறுத்து வாசித்தான். மழை விட்டது. அவள் துணி துவைத்துக் கொடியில் போட்டாள். நாவல் முடிந்தது.

கூடமே சிரித்தது.

"கொலையே இல்ல பாவா. எந்திரு."

"கொலை இல்லாத கதைக்கு இத்தனை பக்கமா? தூ!" தங்கவேல் எழுந்து தரையில் உட்கார்ந்தான்.

அடுத்த தறி முனியன் மட்டும் சிரிக்கவில்லை. "அவ புருஷன் வந்தானா, இல்லியா?"

"செத்துட்டான். தினம் அவன் வேட்டியையும் தொவைச்சுப் போட்டுகினு இருந்தா. கடைசில போடல. அதை ஒரு வரியில சொல்ல வக்கில்ல எழுதினவனுக்கு."

சிரிப்பு நின்றது.

"ஆங்... அவளுக்கு யாரு சொன்னாங்க?" என்றான் முனியன்.

"யாரும் சொல்லலய்யா. அவளாவே தெரிஞ்சுகினு..." தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜெகநாதன் பெஞ்சில் ஏறி வேறொரு நாவலைப் பிரித்தான். முதல் வரியிலேயே ஒருவன் குத்துப்பட்டு விழுந்தான். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தரையில் தங்கவேலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க என்ன இருக்குது?" என்று தங்கவேல் எரிந்து விழுந்தான். "அங்க ஒருத்தன் செத்துகினு கெடக்கிறான். போய்க் கேளுங்கய்யா."