கேட்டைத் திறந்தவர்

வீட்டை இடித்துப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதிலிருந்து மாமனாரும் மருமகளும் கூட்டாளிகள் ஆகியிருந்தார்கள். மகன் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். சுத்தியல் சத்தமும் சிமெண்ட் தூசியும் இவர்கள் இருவர் தலையில்தான் விழுந்தன. சமையலறைச் சுவர் போய்விட்டதால் அடுப்பு மாடிப்படிக்குக் கீழே வந்திருந்தது. மேல்படியில் அவரும் கீழ்ப்படியில் அவளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"உப்பு பத்தலையேம்மா."

"சிமெண்ட் நிறைய விழுந்திருக்கு மாமா, அதைப் பிசைஞ்சு சாப்பிடுங்க."

அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

அவர் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கேட்டில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். டைல்ஸ் ஒட்ட வந்தவர், தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். கொஞ்ச காலமாக மறதி வந்திருந்தது. காபி குடித்துவிட்டு, குடித்தேனா என்று கேட்பார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். அவளுக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மதியம்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் காலையில் ஓடப் போவாள். கூடவே நாயும் ஓடும். குட்டியாக ஒரு சிமெண்ட் சாக்கில் சுற்றி யாரோ கொண்டுவந்து கொடுத்த நாய் அது. அதனால் பெயர் மூட்டை. வளர்ந்த பிறகு அதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. வயிறு ஒட்டி, கால் நீண்டு, ஓட்டத்தில் அவளை இழுத்துக்கொண்டு போகும். இருவரும் திரும்பி வரும் காலடிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே மாமனார் கேட்டைத் திறந்து வைத்து, கையில் பழைய துணியோடு நிற்பார். நாயின் பாதங்களைத் துடைத்துத்தான் உள்ளே விடுவார். உடனே கேட்டைச் சாத்தி, கொண்டி விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்.

ஹாலில் மரத்தரை போட்டார்கள். மகனுக்கு அந்தத் தரைமீது உயிர். வேலையாட்கள் செருப்போடு ஏறினால் முகம் சுருங்கிவிடும். போட்ட அன்றைக்கே மூட்டை வாசலிலிருந்து பாய்ந்து வந்து சறுக்கிச் சுவரில் மோதி எழுந்து நின்றது. தரையில் நீளமாக நகக் கீறல்கள். மாமனாரும் அவளும் சிரித்தார்கள். மகன் மண்டியிட்டு விரலால் கீறலைத் தடவிப் பார்த்தான்.

அடுத்த வாரம் ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது கணவன் கேட்டருகே நின்றிருந்தான். இருட்டுவதற்கு முன் அவன் வீட்டில் இருப்பதே அதிசயம்.

"மூட்டை வெளிய போயிடுச்சு," என்றான். "நான் வரும்போது கேட் திறந்து கிடந்தது. அப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தார்."

மாமனார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தூங்கி எழுந்த முகம்.

"நானா?" என்றார்.

"ஆமாம்பா. நீங்கதான். பரவால்ல விடுங்க."

"நான் படுத்திருந்தேனே."

"நின்னுட்டிருந்தீங்கப்பா. நான்தானே கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன்." பிறகு மனைவியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "அவரைத் திட்டாதே. பாவம், வயசாச்சு."

அவள் உடுப்புகூட மாற்றாமல் ஓடினாள். தெருத்தெருவாக "மூட்டை, மூட்டை" என்று கத்திக்கொண்டு போனாள். ஒரு கடைக்காரர், "எந்த வண்டியிலிருந்து விழுந்துச்சும்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவளுடைய ஓட்டம் தேடலாகிவிட்டது. பழைய பாதையை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் திசையில் ஓடினாள். குப்பைத் தொட்டிகளின் பின்னால், பாலத்துக்கு அடியில், மார்க்கெட் ஒதுக்குப்புறத்தில் பார்த்தாள். கணவன் கூடவே உதவினான். அவனே மூட்டையின் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்து வந்தான். பசை வாளியைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்து, கம்பம் கம்பமாக ஒட்டினான். ஒரு நோட்டீஸ் கோணலாக இருந்ததென்று பிரித்துத் திரும்ப ஒட்டியதும் அவன்தான். ஓடி முடித்து அவள் மூச்சிரைக்க வந்து நிற்கும்போது, "ஒரு விதத்துல நல்லதுதான், உன் வேகம் கூடியிருக்கு," என்றான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள்.

கோபம் முழுவதும் மாமனார் பக்கம் போனது.

முதலில் பேச்சை நிறுத்தினாள். காபியை அவர் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப் போன பிறகுதான் அவர் பார்ப்பார். சாப்பாட்டை முன்பே போட்டு மூடி வைத்துவிட்டு, தான் நின்றபடியே எங்கேயாவது சாப்பிட்டாள். கேட்டுக்குப் பூட்டு வாங்கிச் சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பெயிண்டர் அவரிடம் சுவருக்கு எந்த நிறம் என்று கேட்டபோது அவர் எதிரிலேயே, "அவர்கிட்ட எதுவும் கேட்காதீங்க, அவருக்கு ஒண்ணும் மனசுல நிக்காது," என்றாள். பெயிண்டர் அவரைப் பார்க்காமல் பிரஷ்ஷைப் பார்த்தார்.

காலையில் அவள் ஓட்டம் முடிந்து வரும்போது அவர் வழக்கம்போல எழுந்து கேட்டருகே வருவார். பூட்டியிருப்பதைப் பார்த்ததும் கையில் துணியோடு திரும்பிப் போவார்.

ஒருநாள் தொலைவில் எங்கோ செத்துக் கிடந்த நாயைப் பற்றி யாரோ சொல்ல, அவள் வெயிலில் அவ்வளவு தூரம் ஓடிப் போய்ப் பார்த்தாள். அது வேறு நாய். திரும்பி வந்தபோது மாமனார் டைல்ஸ்காரரிடம் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கேட்டில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

அவள் பூட்டைத் திறந்து உள்ளே வந்து நின்றாள்.

"நிஜமாவா மாமா?" என்றாள். "ரயில் வரும்போதும் இப்படித்தானே திறந்து விட்டிருப்பீங்க? எத்தனை பேர் செத்தாங்கன்னு உங்களுக்குத்தான் ஞாபகம் இருந்திருக்காது."

டைல்ஸ்காரர் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். அன்றிரவு மாமனார் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவள் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து நின்றார். குளித்து, தலை வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டிருந்தார். மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"எனக்கு ஞாபகம் வந்துருச்சும்மா. நான்தான் திறந்தேன். சிமெண்ட் வண்டி வந்து ஹாரன் அடிச்சான். பழக்கத்துல எழுந்து போய்த் திறந்துட்டேன். வண்டி உள்ள வர்றதுக்குள்ள மூட்டை என் காலுக்கு நடுவுல பூந்து ஓடிருச்சு. வால் என் முட்டியில பட்டுச்சு. நான் கூப்பிட்டேன். அது திரும்பிப் பார்த்துட்டு ஓடிருச்சு."

அவளுக்கு மனதுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்ததுபோல இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக நன்றாக மூச்சு விட்டாள்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே," என்றாள்.

அன்று மாலை கணவனிடம், "இனிமே இவரை வீட்ல தனியா விட முடியாது, எங்கயாவது பார்த்துச் சேர்த்துடுங்க," என்றாள். அவன் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான். "உனக்கு அப்படித் தோணுச்சுன்னா பார்க்கலாம்," என்றான்.

நாயைக் கண்டுபிடித்தது தற்செயல்தான். ரிங் ரோட்டைத் தாண்டி மரக்கடைகள் இருக்கும் பக்கம் அவள் அதுவரை ஓடியதில்லை. ஒரு பிளைவுட் கோடவுனைக் கடக்கும்போது உள்ளேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. நின்றாள். மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில், குட்டைச் சங்கிலியில் மூட்டை எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் சங்கிலி உரசிய இடத்தில் முடி போயிருந்தது.

அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிளைவுட் கடைக்காரர் ஓடி வந்தார். அவள் வீட்டுக்கு மரத்தரை போட்டவர் அவர்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா. பார்க்க வந்தீங்களா? நல்லாத்தான் இருக்கு. முதல் ரெண்டு நாள் சாப்பிடல, அப்புறம் சரியாயிடுச்சு."

"இது எப்படி இங்க வந்தது?"

"சார்தானே கார்ல கொண்டுவந்து விட்டார்? தரை கீறுது, நீங்களே வெச்சுக்குங்க, கோடவுனுக்குக் காவலா இருக்கும்னு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேச்சு மெதுவானது. "உங்களுக்குத் தெரியும்னு சொன்னாரேம்மா."

சங்கிலியை அவரே அவிழ்த்துக் கொடுத்தார். மெயின் ரோடு ஓரமாக அவளும் நாயும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியில் கம்பங்களில் மூட்டையின் படம் ஒட்டியிருந்தது. சில இடங்களில் மழையில் நனைந்து மூக்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

கணவன் மறுக்கவில்லை. அடிபட்ட கார்களைப் பார்த்து, யார்மேல் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவன் வேலை. அந்தக் குரலிலேயே பேசினான்.

"உன்கிட்ட கேட்டா நீ விட்டிருக்க மாட்டே. அவ்வளவுதான்."

"அதுக்கு ஏன் மாமா மேல போட்டீங்க?"

"யார் மேலயாவது போடணுமில்ல? வேலையாளுங்க மேல போட்டா கோச்சுக்கிட்டுப் பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்பாவுக்கு மறுநாளே மறந்துடும்னு நினைச்சேன்." பிறகு கொஞ்சம் வியப்போடு சேர்த்துக்கொண்டான். "அவர் இதை மட்டும் இவ்வளவு கெட்டியாப் பிடிச்சுக்குவார்னு யாருக்குத் தெரியும்?"

அவள் அவனை அறையவில்லை. அறைய வேண்டும் என்று கை எழுந்தது. அதற்குள் டைல்ஸ்காரர் முன்னால் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது.

மாமனாரின் அறைக்கு மூட்டையை அழைத்துக்கொண்டு போனாள். அது கட்டிலில் தாவி அவர் முகத்தை நக்கியது. அவர் அதன் தலையைத் தடவினார்.

"வந்துட்டியா? என்னை மன்னிச்சுடுடா," என்றார் நாயிடம்.

"மாமா, நீங்க திறக்கல. உங்க பிள்ளைதான் கார்ல கொண்டுபோய் விட்டிருக்கார். நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்க. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் பொறுமையாகக் கேட்டார். "இல்லம்மா. சிமெண்ட் வண்டி வந்தது. ஹாரன் அடிச்சான்."

"அன்னைக்கு எந்த வண்டியும் வரல மாமா."

"வால் என் முட்டியில பட்டுதேம்மா," என்றார். அந்த இடத்தைத் தொட்டும் காட்டினார்.

அவள் விடவில்லை. பிளைவுட் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்துவந்து சொல்ல வைத்தாள். அவர் சொல்லி முடித்ததும் மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகப் பொய் சொல்றீங்க, நல்ல மனசு உங்களுக்கு," என்றார். கணவனையும் சொல்ல வைத்தாள். அவன் கைபேசியைப் பார்த்தபடி, "ஆமாம்பா, நான்தான்," என்றான். அவர் மகனைப் பாசத்தோடு பார்த்தார். "சின்ன வயசிலேருந்தே எனக்கு ஒண்ணுன்னா இவன் பழியைத் தன் மேல போட்டுக்குவான்," என்றார் அவளிடம்.

அதன்பிறகு கேட் பக்கம் போவதையே அவர் விட்டுவிட்டார். கூரியர்காரர் வந்து கூப்பிட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சில வாரங்கள் கழித்து அவரே மகனிடம் சொன்னார்: "என்னை எங்கயாவது சேர்த்துடுப்பா. நான் இங்க இருந்தா இன்னொரு நாளும் திறந்துடுவேன். அப்ப நாயா போகும், யார் போவாங்களோ."

மகன் ஏற்கனவே ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்திருந்தான். அவள் முடியாது என்றாள். சத்தம் போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள்.

"நீதானே சொன்னே?" என்றான் அவன்.

அவர் போன மறுவாரம் அறைக்கு வெள்ளை அடித்து, அங்கே ஓட்ட மெஷினை இறக்கினான். தெருவில் ஓடினால் வண்டிகள் பயம், வீட்டுக்குள்ளேயே ஓடட்டும் என்று அவளுக்காக வாங்கியதாம். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை அவள் இன்னும் கிழிக்கவில்லை. மூட்டை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் ஓடித் தரையைக் கீறும்போது அவள் தடுப்பதில்லை. கணவன் அந்த இடங்களில் கம்பளம் வாங்கிப் போட்டுவிட்டான். அவர்களுக்குள் சண்டையில்லை. பேச்சும் தேவைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முதியோர் இல்லம் வரை ஓடிப் போவாள். நாயை உள்ளே விடமாட்டார்கள். வெளிக் கம்பியில் கட்டிவிட்டுப் போய், தோட்டத்தில் கடைசிப் பெஞ்சில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அவர் பக்கத்தில் உட்காருவாள். முதலில் சில வாரங்கள் அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. பிறகு யாரோ நல்ல பெண் வந்து போவதாக எடுத்துக்கொண்டார்.

"உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்பார். அவள் சொல்வாள். "எங்க வீட்டிலும் ஒரு மருமக இருந்தா," என்பார். "நல்ல பொண்ணு. நல்லா ஓடுவா. அவளோட நாயை நான் தொலைச்சுட்டேன். ஒருநாள் சிமெண்ட் வண்டி வந்தது."

ஹாரன் சத்தத்திலிருந்து தொடங்கி, நாய் திரும்பிப் பார்த்தது வரை ஒவ்வொரு வாரமும் சொல்வார். இப்போதெல்லாம் கதையில் வண்டி ஓட்டியவனுக்கு மீசைகூட வந்துவிட்டது. வெளியே கம்பியில் கட்டிய மூட்டை அவர் குரலைக் கேட்டுக் குரைக்கும். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொடக்கத்தில் அவள் இடைமறித்து இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்ன நாட்களில் அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னாள். அதனால் இப்போது சும்மா கேட்டுக்கொள்கிறாள். முடித்ததும், "அந்த மருமக என்ன சொன்னா?" என்று அவளே கேட்பாள்.

"ஒண்ணுமே சொல்லல," என்பார். "தங்கமான பொண்ணு. ஒரு வார்த்தைகூடச் சொல்லல."